அம்மைப்பாலும் ஆண்டுக்கோர் ஊசியும்

புத்தளம் நகரை அடுத்து, களப்பின் அணுக்கத்தே அமைந்திருப்பது தில்லையடி. சேற்று நிலத்தில் வேரூன்றிக் களப்புக் கரைகளிற் செழிக்கும் தில்லை மரத்தின் பெயர் இவ்வூரின் பெயரில் நிலைத்திருக்கின்றது. உப்பும் மீனும் தேங்காயும் இப்பகுதி மக்களுக்கு நெடுங்காலமாகச் சோறிட்டு வந்தவை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலர் புத்தளம் பகுதியிலே தஞ்சம் புகுந்தபோது, தில்லையடியும் அவர்களுக்கு இடங்கொடுத்தது. ஓலைக் கொட்டில்களில் நெருங்கி வாழ நேர்ந்தவர்கள், நாளடைவில் அவ்வூர்க் குடிகளாயினர்.

மழைக்காற்றுத் தொடங்கியதும் இக்கரையோரத்து வீடுகளில் இருமலும் தும்மலும் கேட்பது புதிதன்று. வீட்டிலுள்ள மூதாட்டி கொத்தமல்லியை அவித்துக் கொடுப்பாள். வேது பிடிக்கச் சொல்வாள். "தடிமன்தானே, மூன்று நாளிற் போய்விடும்" என்பது வழமையான ஆறுதல். பெரும்பாலும் அது மெய்யாகியும் விடுகின்றது. ஆனால் தடிமனின் உடையணிந்து வரும் வேறொரு நோயும் உண்டு. இன்புளுவென்சா என்னும் அக்காய்ச்சல், இளைஞனை ஒரு கிழமை படுக்கையிற் கிடத்தும். முதியவரையோ, நீரிழிவும் இதய நோயும் உடையவரையோ, சிலவேளை மீளாத படுக்கையிற் கிடத்திவிடும்.

அந்நோய்க்கு ஆண்டுதோறும் ஒரு தடுப்பூசி உண்டு. உலகின் சில நாடுகளில் அதனைத் தெருக்கோடியிலுள்ள மருந்துக்கடையிலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரு கடைக்குள் நுழைந்து, சட்டைக் கையை உயர்த்தி, சில நிமிடங்களில் வெளியேறும் இச்சிறு செயலின் பின்னே இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு கிடக்கின்றது. அவ்வரலாற்றில் இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. ஊசியில் இருக்கும் மருந்து நல்லதா என்பது ஒன்று. அது யார் கையால், எந்த இடத்தில், மக்களைச் சென்றடைகின்றது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு அறிவியலாளர் விடை கண்டனர். இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது அதனினும் கடினமாயிருந்தது.

இலங்கையின் தடுப்பூசி வரலாறு வைசூரியிலிருந்தே தொடங்குகின்றது. "அம்மாள் வருத்தம்" என்று அச்சத்தோடும் பணிவோடும் மக்கள் குறித்த பெரியம்மை நோய், ஆங்கிலேயர் இத்தீவின் கரையோரங்களைக் கைப்பற்றிய காலத்தில் ஊர்களை வெறுமையாக்கிக் கொண்டிருந்தது. அக்காலத்தில் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த தோமஸ் கிறிஸ்தி என்பவர், தடுப்பு முறை வருவதற்கு முன் இந்நோய் இலங்கையில் விளைத்த அழிவு பற்றி 1811இல் ஒரு நூல் வெளியிட்டார். நோய் தோன்றிய ஊரைவிட்டு மக்கள் ஓடிப்போவர் என்றும், நோயாளர் கைவிடப்படுவர் என்றும் அவர் எழுதினார். தேசாதிபதி பிரெடரிக் நோர்த் ஆட்சியில் வைசூரி நோயாளருக்கென மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. நோயாளியின் கொப்புளத்து நீரையே நலமுள்ளவர் உடலிற் சிறிதளவு ஏற்றும் பழைய முறையும் அங்கு கையாளப்பட்டது. அது பலரைக் காத்தது. எனினும் ஏற்றப்பட்டது மெய்யான வைசூரியே ஆதலால், பிறருக்கு நோயைப் பரப்பும் ஆபத்தும் அதில் இருந்தது.

1796இல் இங்கிலாந்தின் நாட்டுப்புற மருத்துவரான எட்வேட் ஜென்னர், பசுவின் அம்மைப்பால் மனிதரை வைசூரியினின்றும் காக்கும் என்பதைச் சோதித்துக் காட்டினார். மருந்து கண்டாயிற்று, அதனைக் கீழ்த்திசைக்குக் கொணர்வது எவ்வாறு? பனிக்கட்டிப் பெட்டி இல்லாத காலம் அது. கப்பலில் மாதக்கணக்காக வந்த அம்மைப்பால் வெப்பத்தில் வலுவிழந்தது. வியன்னாவில் வாழ்ந்த டி காரோ என்னும் மருத்துவர், கண்ணாடித் தகடுகளின் இடையில் அம்மைப்பாலை வைத்து, மெழுகால் மூடித் தரைவழியே அனுப்பினார். அது பக்தாத் நகரை உயிர்ப்புடன் அடைந்தது. அங்கிருந்து பசுராவுக்கும், பசுராவிலிருந்து கடல்வழியாகப் பம்பாய்க்கும் வந்தது. 1802ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் நாள், பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தப்பட்டு, அது பலித்தது. அச்சிறுமியின் கையிலிருந்து எடுத்த பாலே பிற இடங்களுக்குப் பரவியது. அவ்வாண்டிலேயே அது இலங்கையையும் வந்தடைந்தது.

"கையிலிருந்து" என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்லப்படுகின்றது. ஒரு குழந்தையின் கையில் அம்மை குத்தினால் ஏறத்தாழ எட்டாம் நாள் கொப்புளம் முதிரும். அக்கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையிற் குத்துவர். இவ்வாறு கைக்குக் கை சென்றாலன்றி அம்மைப்பால் பிழைக்காது. ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு குழந்தையும் இன்னொரு குழந்தைக்கு மருந்துப் பேழையாக அமைந்தது. எட்டாம் நாள் தாய் பிள்ளையுடன் திரும்பி வாராவிடின் சங்கிலி அறுந்தது. ஆகவே அக்கால மருத்துவத்தின் வெற்றி, மருத்துவனின் திறமையிலும் பார்க்கத் தாயின் நம்பிக்கையிலேயே தங்கியிருந்தது.

அந்நம்பிக்கை எளிதிற் கிட்டவில்லை. எந்தச் சாதியாரின் பிள்ளையிடமிருந்து எடுத்த பால் இது என்று சிலர் தயங்கினர். அம்மாளின் வருகையைத் தடுப்பது குற்றமாகாதோ என்று சிலர் அஞ்சினர். அரசாங்கத்தார் பிள்ளைகளின் கையில் அடையாளமிடுவது எதற்காக என்று சிலர் ஐயுற்றனர். இத்தயக்கத்தைச் சென்னையில் உத்தியோகம் பார்த்த எல்லிஸ் துரை நன்கு உணர்ந்திருந்தார். திராவிட மொழிகளின் தனித்தன்மையை எடுத்துரைத்த அறிஞரான அவர், சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல அம்மைப்பாலின் சிறப்பைத் தமிழில் எழுதிப் பரப்ப முயன்றார். புராணப் போர்வையில் அறிவியலை ஊட்டுவது நேர்மையா என்பது வேறு கேள்வி. மருந்தின் பயனை மக்கள் தம் மொழியிற் கேட்டாலன்றிக் கை நீட்டார் என்பதை அவர் கண்டுகொண்டார் என்பதே கருதத்தக்கது.

காலப்போக்கில் அரசாங்கம் அறிவுரையோடு சட்டத்தையும் துணைக்கழைத்தது. 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையில் அம்மை குத்துதலை ஒழுங்குபடுத்தியது. 1897இல் தொற்றுநோய்த் தடைக்கான கட்டளைச்சட்டம் பிறந்தது. தமிழகத்துக் கரையிலிருந்து தோட்டத் தொழிலுக்காக வந்தவர்கள் மண்டபத்து முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். கிராமங்களில் அம்மை குத்துபவர் வரும் நாளில் பிள்ளைகள் ஒளிந்துகொள்வதும், பெற்றோர் தேடிப் பிடிப்பதும் முதியோர் நினைவிற் பதிந்த காட்சிகள். "பால் கட்டுதல்" என்ற சொல் வீட்டுப் பேச்சிற் கலந்தது. தோளிலோ முழங்கையின் மேலோ அமைந்த வட்ட வடு ஒரு தலைமுறையின் பொது அடையாளமாயிற்று. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகினின்றும் பெரியம்மை அற்றொழிந்தது என உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. மனிதர் முயன்று முற்றாக ஒழித்த முதல் மனித நோய் அதுவே.

இன்புளுவென்சாவின் கதை வேறு வகையானது. இச்சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. விண்மீன்களின் செல்வாக்கினால் நேரும் நோய் என்ற பழைய எண்ணம் அதிற் பொதிந்துள்ளது. முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டில் அது உலகெங்கும் பரந்து, போரிலே மடிந்தோரினும் மிகுதியானோரைக் கொன்றது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் 1918ஆம் ஆண்டின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், 1919 மார்ச் மாதத்திலுமாக நோய் இருமுறை உச்சமடைந்தது. மாவட்ட மரணப் பதிவுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், அக்கொள்ளைநோயால் இத்தீவுக்கு ஏற்பட்ட மக்கட்டொகை இழப்பை ஏறத்தாழ மூன்று இலட்சம் என மதிப்பிட்டுள்ளனர். அன்றைய இலங்கை மக்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் மேலான இழப்பு அது. வைசூரிக்குக் கோயில்களும் நேர்த்திகளும் இருந்தன. அதனை அஞ்சவும் வணங்கவும் மக்கள் அறிந்திருந்தனர். இன்புளுவென்சாவோ சாதாரணக் காய்ச்சலாக வந்து, சாதாரணக் காய்ச்சலாகவே மறக்கப்பட்டது.

அந்நாளில் அதற்குத் தடுப்பூசி செய்ய முயன்றவர்கள் இலக்கைத் தவறவிட்டனர். 1892இல் ஜேர்மானியரான பைபர் கண்ட ஒரு பற்றீரியாவே நோய்க்குக் காரணம் என்று பலர் நம்பியிருந்தனர். மெய்யான காரணம் பற்றீரியாவினும் மிகச் சிறிய வைரசு என்பது பின்னரே தெளிவாயிற்று. 1933இல் இலண்டனில் ஸ்மித், அன்றூஸ், லெய்ட்லோ என்னும் மூவர், நோயாளரின் தொண்டைக் கழுவலைக் கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கின் மூக்கிற் செலுத்தி, மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசைப் பிரித்தெடுத்தனர். கோழி முட்டைக் கருவில் அவ்வைரசை வளர்க்கும் வழியும் பின்னர் கைவந்தது. தோமஸ் பிரான்சிஸ், ஜோனாஸ் சால்க் முதலியோர் அமெரிக்கப் படையினரிடையே சோதித்த தடுப்பூசி 1945இல் பொதுமக்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. நோய் வென்றொழிக்கப்பட்டது என்றே பலரும் எண்ணினர்.

இரண்டாண்டு செல்லுமுன் அவ்வெண்ணம் பொய்த்தது. 1947இல் பரவிய காய்ச்சலை அதே தடுப்பூசி தடுக்கவில்லை. மருந்து கெடவில்லை, வைரசு மாறியிருந்தது. களப்பிலே தோணி செலுத்துவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒவ்வொரு பருவக்காற்றின் பின்னும் நீரடியில் மணல் இடம் பெயர்கின்றது. சென்ற ஆண்டு ஆழமாயிருந்த வழி இவ்வாண்டு திடராகலாம். பழைய அடையாளக் கம்பை நம்பித் தோணியைச் செலுத்துபவன் தரைதட்டி நிற்பான். வைசூரி மாறாத பாறை போன்றது. ஒருமுறை குறித்த அடையாளம் நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. இன்புளுவென்சா நகரும் மணல் போன்றது. ஆண்டுதோறும் வழியைப் புதிதாக அளந்து கம்பு நட வேண்டியுள்ளது. ஆண்டுக்கோர் ஊசி என்பதன் காரணம் இதுவே. மேலும், ஊசியால் உடல் பெறும் காப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகின்றது.

இவ்வாறு அளந்து பார்க்கும் பணியை 1952இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வலையமைப்பாக நிறுவியது. பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் தத்தம் மக்களிடையே உலாவும் வைரசுகளைப் பிரித்தறிந்து செய்தி அனுப்புகின்றன. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் அவ்வலையின் ஒரு கண்ணி. அச்செய்திகளைக் கொண்டு, வட கோளத்துக்கெனப் பெப்ரவரி மாதத்திலும், தென் கோளத்துக்கெனச் செப்டெம்பர் மாதத்திலும், வருங்காலத் தடுப்பூசியில் எவ்வெவ் வைரசு வகைகள் இடம்பெற வேண்டும் என நிபுணர் தீர்மானிக்கின்றனர். 2020 மார்ச் மாதத்தின் பின் ஒரு வகை வைரசு உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படாமையால், நால்வகைத் தடுப்பூசி மீண்டும் மூவகைத் தடுப்பூசியாகி வருவது இவ்வளவையின் அண்மைக்கால விளைவு.

இதன் அருமை 1957இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கிழக்காசியாவில் தோன்றிய புதுவகை இன்புளுவென்சா, மே மாதத்தில் "ரஜூலா" என்னும் கப்பலிற் பயணஞ் செய்தோருடன் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே எத்தனையோ குடும்பங்களை ஏற்றியிறக்கிய கப்பல் அது. குன்னூரிலிருந்த பாஸ்ரர் ஆய்வுநிலையத்தார் அவ்வைரசை ஆராய்ந்தனர். அமெரிக்காவில் மொரிஸ் ஹில்மன் என்னும் அறிஞர், கொங்கொங் நகரில் நோயாளர் கூட்டங் கூட்டமாகக் காத்திருப்பதைச் செய்தித்தாளிற் படித்த மாத்திரத்தே அபாயத்தை உணர்ந்து, வைரசை வரவழைத்து, அவ்வாண்டின் பிற்பகுதிக்குள் கோடிக்கணக்கான தடுப்பூசிகள் உருவாக வழிசெய்தார். கப்பலின் வேகத்தோடு ஆய்வுகூடம் போட்டியிட முடியும் என்பது அன்று தெரிந்தது.

இத்தடுப்பூசி எல்லாம் வல்லதன்று. அதனை மறைப்பது மக்களுக்குச் செய்யும் தீங்கு. உலாவும் வைரசோடு நன்கு பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரை நாடவேண்டிய அளவு நோயுறும் அபாயத்தை அது நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கின்றது. காப்பு உண்டாக ஏறத்தாழ இரு கிழமைகள் செல்லும். சாதாரணத் தடிமனை அது தடுப்பதில்லை. ஆதலால் ஊசி போட்ட பின்னும் தும்முபவர் மருந்தைக் குறைகூறுவதுண்டு. ஊசியில் இருப்பது செயலிழந்த வைரசே என்பதால் அதிலிருந்து இன்புளுவென்சா உண்டாக இயலாது. கை நோவும், ஓரிரு நாள் இலேசான காய்ச்சலும் நேரலாம். எனினும் உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 வரையானோர் இந்நோய் தொடர்பான சுவாசக் கோளாறுகளால் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தகைய நோயின் முன், பாதியளவான காப்பும் பெருங் காப்பேயாகும். கருவுற்ற பெண்கள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறு குழந்தைகள், முதியோர், நீடித்த நோயுடையோர், நோயாளரைப் பேணுவோர் ஆகியோருக்கு அது முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகின்றது.

மருந்து ஆண்டுதோறும் வேண்டப்பட்டபோது, பழைய இரண்டாவது கேள்வி புதிய வடிவில் எழுந்தது. வாழ்நாளில் ஓரிரு முறை அம்மை குத்திக்கொள்வதற்குச் சட்டத்தால் மக்களைத் திரட்டலாம். ஆண்டுதோறும் முதியோரைத் திரட்டுவது எப்படி? வேலைநாளை இழந்து வைத்தியசாலை வரிசையில் நிற்பவர் அடுத்த ஆண்டு மீண்டும் வருவாரா? இதற்குச் சில நாடுகள் கண்ட விடையே மருந்துக்கடை. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் மருந்தாளர் தடுப்பூசி போட இடமளிக்கப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2012இலும், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் 2015இலும் இன்புளுவென்சாத் தடுப்பூசி மருந்துக்கடைகளுக்கு வந்தது. அதற்கென மருந்தாளர் தனிப் பயிற்சி பெற்றனர். மருந்தை 2 முதல் 8 பாகை வெப்பநிலையிற் காக்கும் குளிர்ப்பெட்டி கடையிலேயே இருந்தது. மாலையிலும் விடுமுறையிலும் கடை திறந்திருந்தது. எல்லாவற்றிலும் மேலாக, மாதந்தோறும் நீரிழிவு மருந்து கொடுக்கும் அறிமுகமான முகம் அங்கிருந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் ஈழத்து முதியவர், குளிர்காலத்தின் வாயிலில், பாணும் பாலும் வாங்கச் சென்ற வழியிலே ஊசியையும் போட்டுக்கொண்டு வீடு திரும்புகின்றார்.

இலங்கை வேறொரு வழியில் நம்பிக்கையைக் கட்டியெழுப்பிய நாடு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி அமைப்பு நாடெங்கும் பரந்தது. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் ஆரம்பமாயிற்று. வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவமாது, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி எப்போது என்பதைத் தாயினும் நன்கறிந்தவர். அதனால் இந்நாட்டுக் குழந்தைகள் தடுப்பூசி பெறுவதில் வளமிக்க நாடுகளுக்கும் பின்தங்கியவர்களல்லர். ஆனால் பருவகால இன்புளுவென்சாத் தடுப்பூசி அத்தேசிய அட்டவணையில் இடம்பெறவில்லை. பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளிற் பணங் கொடுத்தே அதனைப் பெற வேண்டும். ஊர்ப் பாமசியில் காய்ச்சல் மாத்திரை உண்டு. ஊசி போடும் வழக்கம் வேரூன்றவில்லை. ஆண்டில் ஏப்பிரல் முதல் யூன் வரையும், நவம்பர் முதல் சனவரி வரையும் இந்நோய் இங்கு மிகுந்து காணப்படுகின்றது. அக்காலத்துக்கு முன்னரே காப்பைத் தேடுவோர், வசதி படைத்தோரும் பயணஞ் செய்வோருமே.

பயணஞ் செய்வோரில் ஒரு சாரார் தில்லையடி போன்ற ஊர்களுக்கு அணுக்கமானவர்கள். ஹஜ் யாத்திரிகர் பன்னாட்டு மக்களோடு நெருங்கி நின்று கடமையாற்றுவதால், சவூதி அரேபியச் சுகாதார அமைச்சு அவர்களுக்கு இத்தடுப்பூசியைப் பரிந்துரைத்து வருகின்றது. ஆயுள் முழுதும் சேமித்து யாத்திரை செல்லும் முதியவர், முதன்முறையாக இவ்வூசியின் பெயரைக் கேட்பது அப்போதாகலாம். அவருக்கும் ஒரு கேள்வி எழும்: இதில் விலக்கப்பட்ட பொருள் ஏதும் உண்டா? அது சாதியை முன்னிட்டு எழுந்த பழைய தயக்கம் போன்றதன்று. விடை பெறத்தக்க நேர்மையான கேள்வி. மூக்கிலே தெளிக்கப்படும் ஒரு வகைத் தடுப்பு மருந்தில் பன்றியிலிருந்து பெற்ற ஜெலற்றின் உண்டு. அதனைக் காரணமாகக் கூறும் பெற்றோருக்கு இங்கிலாந்துப் பாடசாலைகளில் அப்பொருள் இல்லாத ஊசி மாற்றாக வழங்கப்படுகின்றது. கேட்டவரை நகையாடாது, உள்ளதை உள்ளவாறு சொல்லி, மாற்றையும் காட்டும்போது நம்பிக்கை வளர்கின்றது. 1802இல் எட்டாம் நாள் பிள்ளையோடு திரும்பி வந்த தாய்க்கும் இத்தகைய ஒரு சொல்லே வேண்டியிருந்தது.

2021ஆம் ஆண்டில் கோவிட் தடுப்பூசிக்காக இந்நாட்டு மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். அஞ்சியவரும் நின்றனர், ஐயுற்றவரும் ஈற்றில் நின்றனர். ஊசி அண்மையில் வந்தது, விலையின்றி வந்தது, அறிந்தவர் கையால் வந்தது என்பன அதற்குக் காரணங்கள். அப்பெருநோயின் அச்சம் தணிந்தபின், ஆண்டுதோறும் ஓசையின்றி வந்து முதியோரைக் கொண்டுசெல்லும் காய்ச்சல் பழையபடி "தடிமன்தானே" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது.

வியன்னாவிலிருந்து பக்தாத் வரை கண்ணாடியிலும் மெழுகிலும் பயணஞ் செய்த அம்மைப்பால், சிறுமி ஒருத்தியின் கை வழியாகக் கீழ்த்திசையிற் பரந்தது. இன்று மருந்தைக் கடல் கடத்துவது பெருங் காரியமன்று. கொழும்பிலுள்ள குளிர்ப்பெட்டியிலிருந்து களப்புக் கரையில் இருமிக்கொண்டிருக்கும் மூதாட்டியின் கை வரை உள்ள தூரமே எஞ்சியிருப்பது. பேருந்துக் கட்டணமும், ஊசியின் விலையும், ஒரு நாட் கூலியும் சேர்ந்தே அத்தூரத்தை அளக்கின்றன. அரசாங்க மருந்தகமோ, மருத்துவமாதின் கூடையோ, பயிற்சி பெற்ற மருந்தாளரின் கடையோ, எது அதனைக் குறுக்கினும் நன்றே. அது குறுகும் நாளில், கொத்தமல்லி அவிக்கும் அடுப்பை எவரும் அணைக்க வேண்டியதில்லை. அவித்துக் கொடுக்கும் மூதாட்டியும் அடுத்த மழைக்காலத்தில் அவ்வடுப்பின் அருகே அமர்ந்திருக்க வேண்டும் என்பதே வேண்டுவது.